கண்ணாடி ஃப்ரேம் வாங்கப் போகிறீர்களா? முகத்துக்கு முன்னால் மூக்கைப் பாருங்கள்

என் மேசை இழுப்பறையில் மூன்று ஃப்ரேம்கள் சும்மா கிடக்கின்றன. தேய்ந்துபோனவை அல்ல, மூன்றுமே இன்றும் புதிதாகத்தான் தெரியும். கடையில் போட்டுப் பார்த்தபோது கூட வந்தவர்கள் எல்லாரும் நன்றாக இருக்கிறது என்று சொன்னவைதான். ஒன்று, குனிந்தால் மூக்கு நுனிக்கு வந்துவிடும். இன்னொன்று நெற்றிப்பொட்டை இறுக்கி, மாலைக்குள் தலைவலியைக் கொண்டுவரும். மூன்றாவது, லென்ஸ் மாட்டி வந்த அன்றே என் மனதை உடைத்துவிட்டது. எனக்கு இரண்டு கண்ணிலும் மைனஸ் 6. அந்த அகலமான ஃப்ரேமின் வெளி ஓரத்தில் லென்ஸ் தடித்துத் துருத்திக்கொண்டு நின்றது.

மூன்றிலும் நான் செய்த தவறு ஒன்றுதான். வடிவத்தையும் நிறத்தையும் முதலில் பார்த்தேன், மற்றதெல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று நினைத்தேன். இப்போது கண்ணாடி எடுக்கப் போகிற யார் கேட்டாலும் அந்த வரிசையை மாற்றச் சொல்கிறேன். முதலில் மூக்கு. அப்புறம் இரண்டு கண்மணிகளுக்கும் இடையில் உள்ள தூரம். அப்புறம் பவர், அதற்குப் பிறகு ஃப்ரேம் எதனால் செய்தது என்பது. இந்த நாலையும் தாண்டி வந்து மிஞ்சுகிற ஃப்ரேம்களில் எது கண்ணுக்குப் பிடிக்கிறதோ அதை எடுக்கலாம். மூக்கில் சரியாக உட்கார்ந்து, கண் லென்ஸின் நடுவை ஒட்டித் தெரிகிற ஃப்ரேம் சாதாரண வடிவமாக இருந்தாலும் முகத்தோடு சேர்ந்துவிடும். வழுக்கி நிற்கிற ஃப்ரேம் எவ்வளவு நல்ல வடிவமானாலும் இன்னொருவருடையதை இரவல் வாங்கி மாட்டியது போலத்தான் இருக்கும்.

ஆண்கள் வரிசையா, பெண்கள் வரிசையா

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஆண்களுக்கான ஃப்ரேம், பெண்களுக்கான ஃப்ரேம் என்று பிரித்து வைப்பதில் பெரும்பகுதி அளவும் நிறமும்தான். ஆண்கள் வரிசையில் லென்ஸ் அகலம் 52 முதல் 56 மி.மீ. வரை அதிகம் இருக்கும், பெண்கள் வரிசையில் 49 முதல் 53 வரை. பக்கக் கம்பி அங்கே 145, இங்கே 135 அல்லது 140. பெண்களுக்கானவற்றில் வெளி மூலை மேல்நோக்கி ஏறும், ஆண்களுக்கானவற்றில் மேல்கோடு நேராகப் போகும். அவ்வளவே. சிறிய முகமுள்ள ஆணுக்குப் பெண்கள் வரிசையில் இருக்கும் 50 அளவு கச்சிதமாக உட்காரலாம். அகன்ற முகமுள்ள பெண்ணுக்கு ஆண்கள் வரிசைதான் நெற்றிப்பொட்டை இறுக்காமல் இருக்கும். என் அக்கா பல வருடம் பெண்கள் வரிசையிலேயே தேடி, எல்லாமே இறுக்குகிறது என்று சலித்துப்போனாள். எதிர்ப்பக்கம் போய் 54 அளவில் மெல்லிய உலோக ஃப்ரேம் ஒன்றை எடுத்தபோதுதான் அவள் முகத்துக்கு முதல்முறையாக அளவான கண்ணாடி கிடைத்தது. பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்பதை விட்டுவிட்டு எண்ணைப் பாருங்கள்.

அந்த எண்கள் எங்கே இருக்கின்றன

இப்போது போட்டிருக்கும் கண்ணாடியைக் கழற்றிப் பக்கக் கம்பியின் உட்புறத்தைப் பாருங்கள். 52, நடுவில் ஒரு சின்னச் சதுரம், அப்புறம் 18, அப்புறம் 140 என்பது போல எழுதியிருக்கும். எல்லாம் மில்லிமீட்டர். முதல் எண் ஒரு லென்ஸின் அகலம். இரண்டாவது, இரண்டு லென்ஸுக்கும் நடுவே மூக்கின் மேல் இருக்கும் இடைவெளி, அதாவது பிரிட்ஜ். மூன்றாவது பக்கக் கம்பியின் முழு நீளம், காதுக்குப் பின்னால் வளைகிற பகுதியும் அதில் சேர்ந்ததுதான். இப்போதைய கண்ணாடி வசதியாக இருக்கிறது என்றால் இந்த மூன்று எண்களையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த கண்ணாடிக்கு இதைவிட நல்ல வழிகாட்டி இல்லை. முதல் இரண்டு எண்களும் 2 மி.மீ.க்குள் மாறினால் பெரும்பாலும் பிரச்சினை வராது. இணையத்தில் வாங்குகிறவர்களுக்கு இது கட்டாயம். செல்போன் திரையில் முகத்தின் மேல் ஃப்ரேமை ஒட்டிக் காட்டும் வசதி வடிவத்தைத்தான் சொல்லும், எடையையும் மூக்கையும் அதனால் சொல்ல முடியாது.

நோஸ் பேட் உள்ளதா, இல்லாததா

என்னைக் கேட்டால் ஒரு ஃப்ரேமின் தலையெழுத்து இங்கேதான் முடிவாகிறது. நோஸ் பேட் என்பது மூக்கின் இரு பக்கமும் பதிகிற சின்னத் திண்டு. கண்ணாடியின் எடையில் பெரும்பகுதியை மூக்கு தாங்குகிறது. காது அதைப் பின்னால் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

தடித்த பிளாஸ்டிக் ஃப்ரேம்களில் பிரிட்ஜ் ஃப்ரேமோடு ஒன்றாகவே வார்த்தது அல்லது வெட்டியது. உங்கள் மூக்கு அந்த வளைவுக்குப் பொருந்தினால் இதைப் போலச் சுகமானது வேறில்லை. எடை பரவலாக இறங்கும், மூக்கின் இரு பக்கமும் சிவந்த குழி விழாது, பேட் மாற்றும் வேலை கிடையாது. பொருந்தாவிட்டால் செய்ய அதிகம் இல்லை. சூடாக்கிக் கொஞ்சம் திருத்தலாம், சில ஃப்ரேம்களில் சிலிக்கான் பேட் ஒட்டலாம். அதற்குமேல் வழியில்லை.

உலோக ஃப்ரேம்களில் மெல்லிய கை ஒன்றின் நுனியில் பேட் தனியாக இருக்கும். அதை உள்ளே தள்ளலாம், வெளியே இழுக்கலாம், சாய்க்கலாம். ஃப்ரேமை ஓரிரு மில்லிமீட்டர் மேலேற்றவோ கீழிறக்கவோ முடியும். பேட் வாரக்கணக்கில் அழுக்குப் பிடிக்கும், மஞ்சளாகும், ஒரு நாள் கழன்றும் விழும். ஆனால் மாற்றுவது எளிது.

எது உங்களுக்கு? முகம் பார்க்கும் கண்ணாடி முன்னால் நேராக நின்று, மூக்கின் மேல்முதுகு எங்கே எழும்பத் தொடங்குகிறது என்று பாருங்கள். கண்மணிகளை இணைக்கும் கோட்டுக்கு மேலேயே எழும்பிவிட்டால் உங்கள் மூக்குப் பாலம் உயர்ந்தது. உங்களுக்கு இரண்டு வகையும் சரிப்படும். கோட்டுக்கு நேராகவோ கீழேயோதான் எழும்புகிறது என்றால் தாழ்ந்த பாலம். அப்படிப்பட்ட மூக்கில் சாதாரண பிளாஸ்டிக் ஃப்ரேம் கீழே இறங்கிக் கன்னத்தில் உட்காரும், சிரித்தால் மேலே எழும்பும், இமைமயிர் லென்ஸைத் தொடும். இவர்கள் நோஸ் பேட் உள்ள உலோகத்தை எடுக்கலாம், அல்லது தாழ்ந்த பாலத்துக்கென்றே பேட் பகுதியைத் தடிப்பாகச் செய்த பிளாஸ்டிக் ஃப்ரேமைக் கேட்டு வாங்கலாம். மூக்கின் மேல்பகுதி அகலமாகவோ மேடாகவோ இருப்பவர்களுக்குச் சாவித்துவாரம் போல மேலே திறந்த பிரிட்ஜ் உள்ள ஃப்ரேம் நல்லது. அது மூக்கின் முதுகைத் தொடாமல் இரு பக்கங்களில் மட்டும் தாங்கும்.

வழுக்குவதற்கு எப்போதும் மூக்கைக் குற்றம் சொல்லவும் வேண்டாம். ஃப்ரேம் முகத்தைவிடக் குறுகலாக இருந்தால் பக்கக் கம்பிகள் விரிந்து நிற்கும். விரிந்த கம்பி தலையின் சரிவில் அழுத்தி, ஃப்ரேமை முன்னால் தள்ளிக்கொண்டே இருக்கும். இறுக்கமாக இருக்கிறதே, பின் ஏன் வழுக்குகிறது என்று பலர் குழம்புவது இதனால்தான். அங்கே இன்னும் இறுக்கிப் பயனில்லை, அகலமான ஃப்ரேம்தான் மருந்து.

பெரியதா, சிறியதா: பவர் பேச வேண்டிய இடம்

பவர் 2-க்குள் இருப்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம், எந்த அளவும் உங்களுக்கு நடக்கும். மைனஸ் 4-க்கு மேல் போனவர்கள் தயவுசெய்து நின்று படியுங்கள்.

மைனஸ் லென்ஸ் நடுவில் மெலிந்து ஓரத்தில் தடிக்கும். லென்ஸின் ஒளி மையம் உங்கள் கண்மணிக்கு நேராக வர வேண்டும். கண்மணிகளுக்கு இடையிலான தூரத்தைக் கடைகளில் பி.டி. என்பார்கள். உங்கள் பி.டி. 62 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 54 அகலம், 20 பிரிட்ஜ் உள்ள ஃப்ரேமில் லென்ஸ் நடுவிலிருந்து லென்ஸ் நடுவுக்கு 74 மி.மீ. ஆகவே ஒவ்வொரு மையத்தையும் 6 மி.மீ. மூக்குப் பக்கம் நகர்த்த வேண்டும். மையத்திலிருந்து வெளி ஓரத்துக்கு 33 மி.மீ. ஆகிவிடும். அதே ஆள் 46 அகலம், 20 பிரிட்ஜ் உள்ள ஃப்ரேம் எடுத்தால் நகர்த்த வேண்டியது 2 மி.மீ., வெளி ஓரம் 25 மி.மீ. தூரத்தில் முடிந்துவிடும்.

8 மி.மீ. வித்தியாசம் பெரிதா என்று தோன்றும். தடிமன் தூரத்தின் வர்க்கமாக ஏறுவதால் பெரிதுதான். மைனஸ் 6 பவருக்கு, 1.5 ஒளிவிலகல் எண் (இது கூடினால் லென்ஸ் மெலியும்) கொண்ட சாதாரண லென்ஸில் தோராயமாகக் கணக்குப் போட்டால், நடுவைவிட ஓரம் பெரிய ஃப்ரேமில் 6.5 மி.மீ. கூடுதலாகத் தடிக்கும், சிறிய ஃப்ரேமில் 3.75 மி.மீ. மட்டும். மெல்லிய லென்ஸ் என்று தரும் 1.67-ஐ அந்தப் பெரிய ஃப்ரேமில் போட்டாலும் 4.9 வரும். 1.74 போட்டாலும் 4.4. அதாவது சிறிய ஃப்ரேமில் சாதாரண லென்ஸ், பெரிய ஃப்ரேமில் இருப்பதிலேயே மெல்லிய லென்ஸைவிட ஒல்லியாக இருக்கிறது. இந்தக் கணக்கு முன்பே தெரிந்திருந்தால் என் இழுப்பறையில் ஒரு ஃப்ரேம் குறைந்திருக்கும்.

ஆகவே கூடிய மைனஸ் பவருக்கு முதல் இரண்டு எண்களின் கூட்டுத்தொகை உங்கள் பி.டி.க்கு எவ்வளவு நெருங்குகிறதோ அவ்வளவு நல்லது. வட்டம் அல்லது வட்டத்தை ஒட்டிய வடிவத்தில் தொலைவான மூலை இருக்காது, அதுவும் உதவும். முகம் அகலம், பி.டி. குறைவு என்று இருப்பவர்கள் லென்ஸைச் சிறிதாகவே வைத்துக்கொண்டு, கீல் இருக்கும் மூலைகள் வெளியே நீண்டு போகிற ஃப்ரேமைத் தேடலாம். லென்ஸை அகலமாக்காமலே முகத்தின் அகலம் அதில் நிறைந்துவிடும்.

பிளஸ் பவருக்கு நடுதான் தடிக்கும். அங்கேயும் சிறிய ஃப்ரேம் நடுத்தடிமனைக் குறைக்கும், எடையும் குறையும்.

வெள்ளெழுத்து வந்து புரோகிரஸிவ் லென்ஸ் போடுகிறவர்களுக்கு மட்டும் எதிர்த்திசையில் ஒரு எச்சரிக்கை: உயரத்தில் கஞ்சத்தனம் கூடாது. தூரம், நடுத்தூரம், படிக்கும் தூரம் மூன்றும் ஒரே லென்ஸில் மேலிருந்து கீழாக இறங்குகின்றன. கண்மணியிலிருந்து லென்ஸின் கீழ் ஓரம் வரை 18 மி.மீ. இருந்தால் நிம்மதி. லென்ஸ் வகையைப் பொறுத்து 14 வரை இறங்கலாம், ஆனால் படிக்கும் பகுதி சுருங்கும். பட்டையான, உயரம் குறைந்த செவ்வக ஃப்ரேம் இவர்களுக்கு வேண்டாம்.

எதனால் செய்தது

அசிடேட், டி.ஆர்.90, ஸ்டீல், டைட்டானியம். பெரும்பாலும் இந்த நாலில் ஒன்றைத்தான் எடுப்பீர்கள்.

அசிடேட் பருத்தியிலிருந்தும் மரக்கூழிலிருந்தும் கிடைக்கும் செல்லுலோஸால் ஆனது. தகடாகச் செய்து, அந்தத் தகட்டிலிருந்து ஃப்ரேமை வெட்டுகிறார்கள். நிறம் மேற்பூச்சாக இல்லாமல் உள்ளுக்குள்ளேயே ஓடுவதால் ஆமையோட்டுக் கோலம், தேன் நிறம், புகை நிறம் எல்லாம் ஆழமாகத் தெரியும். சூடாக்கினால் இளகும், வளைத்தால் அந்த வளைவிலேயே நிற்கும், அதனால் காதுக்கு ஏற்றபடி திருத்த மிக ஏற்றது. எடை கொஞ்சம் கூடுதல். வெயிலில் நின்ற காருக்குள் விட்டுவிட்டால் கோணிக்கொள்ளும். வியர்வையும் எண்ணெயும் பட்டுப் பல வருடத்தில் ஓரங்கள் வெளுக்கும், பெரும்பாலும் மெருகு போட்டால் திரும்பிவிடும். அழகு என்ற ஒன்றை மட்டும் கேட்டால் என் ஓட்டு அசிடேட்டுக்குத்தான்.

டி.ஆர்.90 நைலான் குடும்பம். அச்சில் ஊற்றி எடுப்பது. இறகு போல இருக்கும், வளைத்தாலும் திரும்பி வரும், குழந்தைகளுக்கும் விளையாடுகிறவர்களுக்கும் நல்லது. ஆனால் அந்த வளைந்து திரும்பும் குணமே ஒரு குறையும்கூட. காதுக்குப் பின்னால் வளைத்துக் கொடுத்தால் அப்படியே நிற்காமல் பழைய நிலைக்குப் போகப் பார்க்கும். அதனால் இதை வாங்கும்போதே பொருந்த வேண்டும், பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்று வாங்கக் கூடாது.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மெல்லியதாகவும் உறுதியாகவும் இருக்கும், சாதாரணத் தோலுக்கு ஒன்றும் செய்யாது. மலிவான உலோக ஃப்ரேம்கள் பல நிக்கலும் செம்பும் கலந்த கலவையில் செய்தவை. மேற்பூச்சு தேய்ந்ததும் வியர்வை பட்டுப் பச்சை பூக்கும். நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்களுக்குப் பக்கக் கம்பி படும் இடத்தில் தோல் சிவந்து அரிக்கும்.

அவர்களுக்கு டைட்டானியம். அடர்த்தியில் எஃகில் பாதியைவிடச் சற்றே கூடுதல், வியர்வைக்கு அசையாது. ஜப்பானின் ஃபுகுயி பகுதியில் 1905 முதல் கண்ணாடி ஃப்ரேம் செய்கிறார்கள், அதற்குப் பேர்போன ஊர் அங்கிருக்கும் சபாயே நகரம். 1980களின் தொடக்கத்தில் டைட்டானியத்தை ஃப்ரேமாக்கிக் காட்டியவர்கள் அங்குள்ள கைவினைஞர்கள்தான். ஒன்றைக் கவனியுங்கள்: மடக்கினாலும் திரும்பி வரும் ‘மெமரி மெட்டல்’ நிக்கலும் டைட்டானியமும் கலந்தது. பெயரில் டைட்டானியம் இருக்கிறதே என்று ஒவ்வாமை உள்ளவர்கள் அதை எடுத்துவிடக் கூடாது. ஒரே கண்ணாடியை நாளெல்லாம் போடுகிறவர், பவரும் கூடுதல் என்றால், மற்றதில் மிச்சம் பிடித்துத் தூய டைட்டானியத்துக்குச் செலவு செய்யுங்கள்.

முழுச் சட்டம், பாதிச் சட்டம், சட்டமே இல்லாதது

ஃபுல் ரிம் மைனஸ் லென்ஸின் தடித்த ஓரத்தை மறைக்கும், காக்கும். ஹாஃப் ரிம்மில் கீழ்ப்பாதியை ஒரு நைலான் இழை பிடித்துக்கொள்கிறது. அந்த இழை உட்கார லென்ஸ் ஓரத்தில் காடி வெட்ட வேண்டும், அதற்கு ஓரத்தில் கொஞ்சம் தடிமன் இருந்தாக வேண்டும். பிளஸ் லென்ஸின் ஓரம் மெலிந்தது என்பதால் காடிக்காகவே லென்ஸ் முழுவதையும் தடிப்பாக்க நேரிடும். ரிம்லெஸ்ஸில் லென்ஸில் ஓட்டை போட்டு நேராகத் திருகுகிறார்கள். முகத்தில் எதுவும் இல்லாதது போல இருக்கும், எடையும் கம்மி. ஆனால் 1.5 லென்ஸ் அந்த ஓட்டையில் விரிசல் விடக்கூடியது. பாலிகார்பனேட், டிரைவெக்ஸ் போன்ற எளிதில் உடையாத வகைகளைக் கேட்க வேண்டும். கண்ணாடியை ஒரு கையால் கழற்றும் பழக்கம் உள்ளவர்கள் ரிம்லெஸ் பக்கமே போகாமல் இருப்பது நல்லது.

இப்போது வடிவம்

வட்ட முகத்துக்குக் கோணம், சதுர முகத்துக்கு வட்டம், நீள முகத்துக்கு உயரமான லென்ஸ், கூர்மையான தாடைக்கு மேற்பகுதி கனக்காத ஃப்ரேம் என்று சொல்லும் விதி தெரிந்திருக்கலாம். முகத்தில் இருப்பதற்கு மாறானதை ஃப்ரேம் தர வேண்டும் என்பதுதான் அதன் உள்ளே இருக்கும் எண்ணம். தொடங்குவதற்குப் போதும். ஆனால் முக்கால்வாசிப் பேருக்குத் தங்கள் முகம் வட்டமா சதுரமா என்று உறுதியாகச் சொல்ல வராது, நானும் சொல்ல மாட்டேன். அதைவிட நம்பகமானது புருவம். ஃப்ரேமின் மேல்கோடு புருவத்தின் போக்கிலேயே போகிறதா? புருவம் ஃப்ரேமுக்கு மேலே தெரிகிறதா, அல்லது மேல்விளிம்பு அதன் மேல் படிகிறதா? இரண்டும் சரிதான். ஃப்ரேம் ஒரு பக்கம், புருவம் ஒரு பக்கம் போய் நடுவில் இன்னொரு கோடு போட்டது போல ஆனால்தான் முகம் குழம்புகிறது. புருவம் லென்ஸுக்குள்ளேயே முழுவதும் விழுந்தால் ஃப்ரேம் உயரம் அதிகம், அல்லது கீழே இறங்கி நிற்கிறது.

சில வடிவங்களின் பிறப்பைத் தெரிந்துகொண்டால் யாருக்கு ஆகும் என்பதும் தெரியும். ஏவியேட்டர் 1930களில் விமானிகளுக்காக வந்தது. குனிந்து கருவிகளைப் பார்க்கும்போதும் கண் மூடப்பட வேண்டும் என்றுதான் அந்தத் தொங்கும் துளி வடிவம். பெரிய லென்ஸ், கூடிய மைனஸுக்கு ஒத்துவராது. கேட்-ஐ எனும் மூலை ஏறிய வடிவத்தை 1930களில் நியூயார்க்கில் ஆல்டினா ஷினாசி என்ற வடிவமைப்பாளர் உருவாக்கினார். அது முகத்தின் கோட்டை மேலே தூக்கிக் காட்டும், தாடை அகன்ற பெண்களுக்கு அருமை. மேலே கனமும் கீழே மெல்லிய உலோகமுமான பிரௌலைன் 1947-ல் அமெரிக்காவில் வந்தது. புருவம் மெலிந்த ஆண்களுக்கு அது முகத்தில் ஒரு அழுத்தம் கொடுக்கும்.

நிறத்தில் எனக்குத் தெரிந்தது கொஞ்சம். சுத்தக் கறுப்பு கண்டிப்பானது, தலைமுடியும் புருவமும் அடர்ந்த கறுப்பாக இருந்தால் தாங்கும், நரைத்த பிறகு ஃப்ரேம் மட்டும் தனியாகத் தெரியும். அடர் பழுப்பும் ஆமையோட்டுக் கோலமும் ஏறக்குறைய எல்லாருக்கும் இணங்கும். நிறமில்லாத தெளிந்த ஃப்ரேம் அழகுதான், ஆனால் தடித்த மைனஸ் லென்ஸின் வளையங்களை அது மறைக்காது.

போட்டுப் பார்க்கும்போது

கடை ஃப்ரேமில் பவர் இருக்காது. என்னைப் போன்றவர்களுக்கு எதிரில் இருக்கும் முகமே மங்கல்தான். செல்போனில் நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று படம் எடுத்து, பழைய கண்ணாடியை மாட்டிக்கொண்டு பாருங்கள். கண்மணி லென்ஸின் நடுவிலிருந்து சற்றே மூக்குப் பக்கமும், கொஞ்சம் மேலேயும் இருக்க வேண்டும். நன்றாகச் சிரியுங்கள். கன்னம் ஃப்ரேமைத் தூக்கக் கூடாது. குனிந்து தலையை ஆட்டுங்கள். பக்கக் கம்பி காது வரை தலையைத் தொட்டும் தொடாமலும் நேராகப் போய், காதைத் தாண்டியதும் வளைய வேண்டும். வளைவு காதுக்கு முன்பே வந்தால் கம்பி சிறியது. மிகவும் பின்னால் வந்தால் பிடிமானம் இருக்காது, ஆனால் அசிடேட்டிலும் உலோகத்திலும் வளைவை முன்னால் கொண்டுவந்துவிடலாம். பத்து நிமிடமாவது போட்டுக்கொண்டு நடந்துவிட்டு வாருங்கள், நெற்றிப்பொட்டில் இறுக்கம் அதற்குள் தெரிந்துவிடும்.

சரி, நானே எடுத்துக்கொடுப்பதாக இருந்தால்: மைனஸ் 5-க்கு மேல், உயர்ந்த மூக்கு என்றால் 46 முதல் 48 அளவுக்குள் வட்டத்தை ஒட்டிய அசிடேட். அதே பவர், தாழ்ந்த மூக்கு என்றால் அதே அளவில் டைட்டானியம். பவர் 2-க்குள் இருக்கும் இளவயதினருக்குப் பிடித்த எதுவும், வடிவத்தில் தாராளமாகத் துணியலாம். புரோகிரஸிவ் போடும் அம்மா அப்பாவுக்கு உயரமான லென்ஸும் நோஸ் பேடும் உள்ள லேசான உலோகம். அது கொஞ்சம் இறங்கினாலும் படிக்கும் பகுதி இடம் மாறிவிடும், அதனால் அடிக்கடி ஏற்றிச் சரிசெய்ய வசதி வேண்டும்.

லென்ஸ் மாட்டி வந்த அன்று வாங்கிக்கொண்டு உடனே கிளம்பிவிடாதீர்கள். மேசை மேல் தலைகீழாக வையுங்கள், இரண்டு கம்பிகளும் ஒரே மாதிரி மேசையைத் தொட வேண்டும். தொடாவிட்டால் அங்கேயே நேராக்கச் சொல்லுங்கள். காதுக்குப் பின்னால் வளைவை உங்கள் காதில் வைத்துப் பார்த்தே சரிசெய்யச் சொல்லுங்கள், இரண்டு காதும் ஒரே உயரத்தில் இருப்பவர்கள் குறைவு. இரண்டு வாரம் போட்ட பிறகு இன்னொரு முறை போய் திருகையும் பேடையும் பார்க்கச் சொல்லுங்கள். அக்காவின் அந்த 54 அளவு ஃப்ரேம் அப்படி இரண்டு தடவை திருத்திய பிறகுதான் முழுதாக அமர்ந்தது. இப்போது பவர் மாறினால் லென்ஸை மட்டும் மாற்றிக்கொள்கிறாள், ஃப்ரேமை விடுவதாக இல்லை.